ஸ்டாடிட்ஸே வயல், 1:32: சால் ஒருவழியாக நின்றது

செக் நாட்டின் வடபகுதியில், பீலினா ஆற்றோரக் குக்கிராமம் ஸ்டாடிட்ஸே. செக் பழங்கதையில் வரும் அரசி லிபுஷே அனுப்பிய ஆட்கள் வந்து, உழுதுகொண்டிருந்த பிரெமிஸ்ல் என்ற உழவனை ஆட்சிக்கு அழைத்துப்போன கதை நடக்கும் இடம். அந்தக் காட்சியை 1:32-இல், அதாவது நிஜத்தில் 32-இல் ஒரு பங்கு அளவில், செய்யும் இந்த டயோராமாவில் (குட்டிக் காட்சி மாதிரியில்) அழிச்சாட்டியம் பண்ணியது உழவுசால்தான். இப்போது படிந்துவிட்டது.

1125-இல் இறந்த செக் வரலாற்றாசிரியர் கோஸ்மாஸ் தன் நூலில் அந்த நிலத்துக்கு நடை அளவில் 12 எட்டு நீளம், 12 எட்டு அகலம் சொல்கிறார். எட்டுக்கு முக்கால் மீட்டர் வைத்தால் 9 மீட்டர், 1:32-இல் 28 செ.மீ. சதுரம். 30 செ.மீ. பலகை போதும்.

மண்ணை ஒரே பக்கம் புரட்டிக் காட்டினால் பொய். அது பிற்காலக் கலப்பை. இங்கே மரக்கலப்பை, கொழு கீறிக்கொண்டு போகும், மண் இருபுறமும் ஒதுங்கும், நம் நாட்டுக்கலப்பை மாதிரியேதான். சால் ஆழம் 3 முதல் 4 மி.மீ., இடைவெளி 8 அல்லது 9 மி.மீ.

கலவை: சலித்த காய்ந்த மண் 3 பங்கு, பொடி மரத்தூள் 1, ஃபெவிகால் 1, பிசையும் அளவுக்குத் தண்ணீர், நாலு சொட்டு டெட்டால். டெட்டால் இல்லையென்றால் மழைக்காலத்தில் பூஞ்சை நிச்சயம். களிமண் வேண்டாம், சுருங்கி வெடிக்கும். 5 மி.மீ.க்கு மேல் ஒரே தடவையில் பூசினாலும் வெடிக்கும். நிறம் எப்படி இருந்தாலும் சரி, மேலே அடர் பழுப்பை நீர்க்கக் கரைத்து ஓட்டினால் போச்சு.

சூட்சுமம் நேரத்தில் இருக்கிறது. மேற்பரப்பின் ஈரப் பளபளப்பு மங்கியதும் கீற வேண்டும். முந்தினால் கரை சரிந்து சால் மூடிக்கொள்ளும். பிந்தினால் பொருக்குப் பொருக்காகப் பெயரும். கூராகச் சீவிய மூங்கில் சிம்பைச் சாய்த்துப் பிடித்து, நம் பக்கமாக இழுக்கணும். ஒவ்வொரு சாலுக்கும் நுனியை ஈரத்துணியில் துடைக்காவிட்டால் அடுத்த சால் பிசிறடிக்கும். பிறகு குறுக்குச் சால், முந்தையதைவிட ஆழம் குறைவாக. இந்தக் கலப்பைக்குக் குறுக்குழவு வழக்கம். சதுர நிலமும் அதற்குத் தோதுதான்.

மாடுகள்: உள்ளூர் பொம்மை மாட்டுக்குத் திமில் இருக்கும், ஆகாது. அக்கால மாடு 1.1 மீட்டர் உயரம்தான், எனவே இன்றைய பெரிய மாட்டை வைத்துச் செய்த 1:32 பொம்மையைவிட, அதே மாட்டை இன்னும் சிறிதாக்கிய 1:43 ரயில் மாடல் பசுவே பொருந்துகிறது. மடியைச் சீவிவிட்டு எம்-சீலில் கொம்பு. நிறத்தையும் கோஸ்மாஸே சொல்லிவிட்டார்: ஒன்றுக்கு வெள்ளைத் தலை, உடம்பில் வெள்ளைப் பட்டை, மற்றதற்கு நெற்றியிலிருந்து முதுகு வழியாக வெள்ளை, பின்னங்கால்களும் வெள்ளை.

அடுத்தது கதையில் பிரெமிஸ்ல் கையில் இருந்த ஹேசல் மரக் கோல். தரையில் ஊன்றியதும் மூன்று கிளை துளிர்த்து, இரண்டு பட்டுப்போய் ஒன்று தழைத்த கோல். அதைச் செய்ய, மோட்டார் காயில் கட்டும் கடையில் எனாமல் பூசிய துண்டுக் கம்பி சும்மாவே தருவார்கள். எனாமலைச் சுரண்டாமல் பெயின்ட் அடித்தால் உரியும். இலை 2.5 மி.மீ., பட்டர் பேப்பரில்.

ஸ்டாடிட்ஸேயில் 1841-இல் எழுப்பிய நினைவுச்சின்னம் ஒன்று நிற்கிறது, உச்சியில் இரும்புக் கலப்பையோடு. அதையும் 1:32-இல் தனியாகச் செய்யலாம். நுகத்தடி இன்னும் பாக்கி.