அரைக்காசு அம்மனுக்கு ஒரு வெல்லம்

பழைய வேத நோட்டைத் தேடி அலுத்துப்போய் அப்பா சாப்பிடாமல் படுத்துவிட்ட ராத்திரிதான் அம்மா வேண்டிக்கொண்டாள். "அரைக்காசு அம்மா, கிடைச்சா உன் சன்னதிக்கே வந்து வெல்லம் வைக்கிறேன்." வீடு மாறியதில் காணாமல் போனது எங்கள் கொள்ளுத்தாத்தா கிரந்த எழுத்தில் எழுதிவைத்த யஜுர்வேத நோட்டு. குத்துவிளக்கைச் சுற்றியிருந்த பழைய வேட்டிக்குள் இருந்தது. அம்மன் வேறெங்கே காட்டுவாள்! நவராத்திரி வெள்ளிக்கிழமை புதுக்கோட்டை திருக்கோகர்ணத்தில், அரைக்காசு அம்மனான பிரகதாம்பாளின் கோயிலில் இருந்தோம்.

அந்த நோட்டும் அவள் சொத்துதான். கொள்ளுத்தாத்தா பாடசாலைப் பையனாக நவராத்திரிதோறும் புதுக்கோட்டைக்கு வந்தவர். மகான் சதாசிவ பிரம்மேந்திரர் மணலில் எழுதிக்கொடுத்த மந்திரத்தை, அந்த மணலோடு அரண்மனைக்கு எடுத்துப்போய்ப் பூஜித்தது புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமான் வம்சம். நவராத்திரியில் வித்வான்களுக்குச் சம்மானம், வந்தவர்களுக்கு அரிசி, கூடவே அரைக்காசு என்கிற அம்மன் காசு. ஒரு பக்கம் அம்பாள், மறுபக்கம் தெலுங்கில் 'விஜய'. ஒரு ரூபாய்க்கு 320 காசு, அவ்வளவு சின்னது. ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷம் குரு சொல்லச் சொல்லத் திருப்பிச் சொல்லி வேதம் படிக்கிற பையனுக்குச் சோறு போடவும், அவன் படிப்பைப் பெரிசாக நினைக்கவும் ஒரு ராஜா இருந்தார் பாருங்கள், எனக்கு அதுதான் பெரிது. தன்னையே பிரகதாம்பாளின் தாசன் என்று சொல்லிக்கொண்ட ராஜாக்கள்.

வாசலில் தட்டு விற்பவர்கள் கையைப் பிடித்து இழுக்காத குறை. "சீக்கிரம் தரிசனம் பண்ணிவைக்கிறேன்" என்று ஒருவர் உள்ளே வரை கூடவே வந்தார். நவராத்திரியிலுமா இப்படி? வரிசையில் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. பாறையைக் குடைந்த சன்னதிக்குள் சிவனை, கோகர்ணேசுவரரைத் தரிசித்துவிட்டு மெதுவாகத்தான் அம்பாள் சன்னதிக்கு வந்தோம்.

தீபாராதனை. நெரிசலில் என்னால் முகத்தைத்தான் பார்க்க முடிந்தது, அது போதும். அம்மா வெல்லத்தை நீட்டிக்கொண்டே அழுதாள். அப்பா நோட்டை மஞ்சள் பையோடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு, யாரும் சொல்லாமலே யஜுர்வேதத்து ருத்ரம் ஆரம்பித்துவிட்டார். குரல் நடுங்கியது, பின்னால் நின்ற ஒரு மாமாவும் சேர்ந்துகொண்டார், தள்ளிக்கொண்டிருந்த கூட்டம் கொஞ்சம் நின்றது. அந்த ஸ்வரத்தைத்தானே தாயே, எங்கள் கொள்ளுத்தாத்தா உன் அரிசியைச் சாப்பிட்டுக் கற்றார்! எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை, நமஸ்காரம் மட்டும் பண்ணினேன்.

ஏதாவது தொலைந்துவிட்டதா? ஒரு துண்டு வெல்லம் எடுத்துவைத்து அவளிடம் சொல்லிவிடுங்கள். கிடைத்ததும் போய்ப் பாருங்கள், வயசானவர்களோடு போனால் சாதாரண நாள் காலையில் போங்கள்.