கோலாலம்பூரில் குழந்தைகள் விளையாட்டு மையத்திற்கு இடம் எடுத்த கதை

குழந்தைகளுக்கான உள்ளரங்க விளையாட்டு மையம் தொடங்க இடம் தேடுபவர், வாடகை எவ்வளவு என்று கேட்பதற்கு முன்பே கூரை எவ்வளவு உயரம் என்று கேட்டுவிட வேண்டும். நானும் என் அக்காவும் கோலாலம்பூரில் தேடத் தொடங்கியபோது முகவர்கள் அனுப்பிய விளம்பரங்களில் சதுர அடி, வாடகை, கார் நிறுத்துமிடம் எல்லாம் இருந்தன; உயரத்தை மட்டும் யாரும் குறிப்பிடவில்லை. ஏறிக் குதித்துச் சறுக்கி விளையாடும் சட்டக அமைப்பில் ஒரு தட்டுக்கு ஏறத்தாழ 1.2 மீட்டர் வேண்டும். இரண்டு தட்டு என்றாலே 3 மீட்டர் அளவுக்குத் தடையில்லாத உயரம் தேவைப்படும். மூன்று தட்டு வைத்தால் 4 மீட்டரைத் தாண்டிவிடும். இந்த உயரத்தைத் தரையிலிருந்து மேல்தளம் வரை அளந்து பயனில்லை. உத்தரம், குளிர்சாதனக் குழாய், தீயணைப்புத் தெளிப்பான் ஆகியவற்றில் எது தாழ்வாக இருக்கிறதோ அதுவரைதான் அளக்க வேண்டும். தெளிப்பானின் கீழேயும் சுமார் 18 அங்குலம் வெற்றிடம் விட வேண்டியிருப்பதால், விளம்பரத்தில் விசாலமாகத் தெரிந்த பல இடங்கள் அளவுநாடாவை நீட்டியதுமே கைவிட்டுப் போயின.

செந்தூலிலும் ஜாலான் ஈப்போவிலும் பார்த்த கடைவீடுகள் 20, 22 அடி அகலம் கொண்டவை. வகுப்பு நடத்தவோ அலுவலகம் வைக்கவோ அவை போதும். சறுக்குமரத்தின் அடியில் குழந்தை வந்து விழும் இடத்தைச் சுற்றி விட வேண்டிய பாதுகாப்பு இடைவெளியைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது ஒரு நடைபாதைதான். பேரங்காடிகளில் கூட்டத்திற்குக் குறைவில்லை. ஆனால் அடிப்படை வாடகையுடன் விற்பனையில் ஒரு பங்கு, சேவைக் கட்டணம், விளம்பர நிதி என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தபோது எங்கள் கணக்கு தாங்கவில்லை. சிகாம்புட்டில் ஒரு சிறு தொழிற்சாலைக் கட்டடம் உயரத்திலும் வாடகையிலும் மனத்துக்கு ஒத்து வந்தது. அதை விட்டுவிடச் சொன்னவர் எங்கள் வழக்கறிஞர். நிலப்பட்டாவில் பயன்பாட்டு வகை 'தொழில்துறை' என்று இருந்தது. அந்த நிபந்தனையை மீறினால் தேசிய நிலச் சட்டத்தின்கீழ் நடவடிக்கை உரிமையாளர் மீதுதான் வரும் என்றாலும், உரிமம் கிடைக்காமல் கதவடைத்து நிற்கப் போவது வாடகைக்காரர்தான்.

கடைசியில் பொருந்தியது ஜாலான் கிள்ளான் லாமாவில் உள்ள ஓர் அடுக்குமாடி வணிக வளாகத்தின் முதல் மாடி. முன்பு அங்கே அறைகலன் காட்சியகம் இருந்தது. மின்தூக்கி இருந்ததால் தள்ளுவண்டியோடு வரும் தாய்மார்களுக்குச் சிரமமில்லை. கீழ்த்தளத்தில் ஒரு பல் மருத்துவமனை இருந்ததால் சத்தத்தைப் பற்றி முன்கூட்டியே பேச வேண்டியிருந்தது. இத்தகைய வளாகத்தில் உரிமையாளர் சம்மதித்தால் மட்டும் போதாது. அடுக்குமாடிச் சொத்துகளின் பராமரிப்பு பற்றிய 2013ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் இயங்கும் நிர்வாகக் குழுவின் விதிகள் வாடகைக்காரரையும் கட்டுப்படுத்துகின்றன. சீரமைப்பு வேலைக்கு அவர்களிடம் அனுமதி வாங்கி, தனியாக வைப்புத்தொகையும் கட்ட வேண்டும்.

இடம் முடிவானதும் முகவர் அண்ணன் வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "முதல்ல ஒரு மாச வாடகையைக் கட்டி இடத்தைப் பிடிச்சு வையுங்கம்மா, மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்." துணிக்கடைக்கு அது சரியான யோசனையாக இருக்கலாம். எங்கள் தொழிலில் அந்த 'மத்தது'தான் முழுத் தொழிலும். மாநகர் மன்றத்தின் வணிக உரிமம், பெயர்ப்பலகை உரிமம், கேளிக்கை உரிமம் தேவையா என்ற கேள்வி, தீயணைப்பு மீட்புத் துறையின் ஆதரவுக் கடிதம் என எதுவும் கையெழுத்திடும் நாளில் நம் கையில் இருக்காது. அவை வருவதற்குள் வாடகை ஓடத் தொடங்கிவிடும்.

ஆகவே ஒப்பந்தத்தில் நாங்கள் முதலில் கேட்டது வாடகைக் குறைப்பை அல்ல. உரிமமும் தீயணைப்புத் துறையின் ஆதரவும் குறித்த காலத்திற்குள் கிடைக்காவிட்டால் வைப்புத்தொகை முழுவதும் திரும்ப வர வேண்டும் என்ற நிபந்தனையைக் கேட்டோம். உரிமையாளர் வயதான சீனர். நயமாகப் பேசுபவர், ஆனால் கணக்கில் கறாரானவர். "லைசன்ஸ் எடுப்பது உங்கள் வேலை, அதற்கு நான் ஏன் பணம் இழக்க வேண்டும்?" என்று கேட்டார். அந்தக் கேள்வியிலும் நியாயம் இருந்தது. அதனால் காரணத்தைப் பிரித்து எழுதினோம்: கட்டடத்தின் குறையாலோ அதன் அங்கீகரிக்கப்பட்ட பயன்பாட்டாலோ மறுக்கப்பட்டால் தொகை முழுவதும் திரும்பும், எங்கள் வரைபடத்தின் குறையால் மறுக்கப்பட்டால் ஒரு மாத வாடகை அவருக்கு. சீரமைப்பு வேலைக்காக விடப்படும் வாடகையில்லாக் காலத்தையும் சாவி வாங்கிய நாளிலிருந்து எண்ணாமல், நிர்வாகக் குழு சீரமைப்புக்கு அனுமதி தந்த நாளிலிருந்து எண்ண ஒத்துக்கொண்டார். என் கருத்தில், மொத்த ஒப்பந்தத்திலும் எங்களுக்கு அதிகம் மிச்சப்படுத்தியவை இந்த இரண்டு நிபந்தனைகள்தாம்.

தீயணைப்புத் துறையினரின் கவனம் முழுவதும் நுரைப் பஞ்சின் மேல்தான் இருந்தது. மெத்தை, உறையிட்ட தூண், வலை, பந்துக்குளம் என்று நாம் உள்ளே கொண்டுபோவதில் பெரும்பகுதி எரியக்கூடியது. எனவே தீப்பரவல் சோதனைச் சான்றிதழ்களை, விளையாட்டு அமைப்பை நிறுவித் தருபவரிடமிருந்து முன்பணம் கட்டும் முன்பே வாங்கிக்கொண்டோம். வெளியேறும் வழி இரண்டும் விளையாட்டு அமைப்பால் மறைக்கப்படாமல் இருப்பதையும், ஒரே நேரத்தில் உள்ளே இருக்கக்கூடியவர்களின் எண்ணிக்கையையும் வரைபடத்தில் காட்ட வேண்டியிருந்தது. அந்த எண்ணிக்கைதான் வருமானத்தின் உச்ச வரம்பும்கூட. வாடகை தாங்குமா என்பதை அதை வைத்தே கணக்கிட்டோம். நுழைவுக் கட்டணத்தின் மீதான கேளிக்கை வரியையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். 1953ஆம் ஆண்டுச் சட்டப்படி அதன் பொது விகிதம் 25 விழுக்காடு. கோலாலம்பூர் அடங்கிய கூட்டரசுப் பிரதேசத்தில் இத்தகைய மையங்களுக்கு அது பிற்பாடு வெகுவாகக் குறைக்கப்பட்டது.

இடத்தின் பயன்பாடு பற்றிய பிரிவில் 'வணிகம்' என்று மட்டும் இருந்ததை மாற்றி, விளையாட்டு மையம், பிறந்தநாள் நிகழ்ச்சி, சிற்றுண்டி விற்பனை என்று விரித்து எழுதச் சொன்னோம். குழந்தைப் பராமரிப்பைச் சேர்க்கவில்லை. 4 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நால்வரோ அதற்கு மேலோ கட்டணத்திற்குப் பெற்றோரின்றி விடப்பட்டால், 1984ஆம் ஆண்டின் குழந்தைப் பராமரிப்பு மையச் சட்டம் குறுக்கே வரும். அதற்கான இட விதிகள் வேறு.

பிறகு கால அளவு. 3 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகையை நில அலுவலகத்தில் பதிவு செய்தாக வேண்டும். கட்டடம் வங்கியில் அடமானத்தில் இருந்ததால் வங்கியின் சம்மதமும் வேண்டியிருந்தது. விளையாட்டு அமைப்பில் போட்ட பணமோ 3 ஆண்டில் திரும்பக்கூடியதல்ல. எனவே 3 ஆண்டு வாடகை ஒப்பந்தம், அதன் முடிவில் எங்கள் விருப்பப்படி இன்னொரு 3 ஆண்டு என்று முடிவாயிற்று. புதுப்பிக்கும்போது 'சந்தை வாடகை' என்று உரிமையாளரின் வழக்கறிஞர் எழுதியிருந்ததற்குப் பக்கத்தில் 'முந்தைய வாடகையில் 10 விழுக்காட்டுக்கு மேல் உயராமல்' என்று சேர்த்தோம். இடையில் கட்டடம் கைமாறினால் வாங்குபவர் இந்த ஒப்பந்தத்தை ஏற்க வைப்பதையும் உரிமையாளரின் கடமையாக்கினோம்.  முத்திரை வரியைக் கையெழுத்திட்ட 30 நாளுக்குள் கட்டினோம். முத்திரை பெறாத ஒப்பந்தத்தை நீதிமன்றம் சான்றாக ஏற்காது.

வாடகைப் பாக்கி பற்றிப் பலர் படிக்காமலே கடந்துபோகும் சட்டம் ஒன்று உண்டு. 1951ஆம் ஆண்டின் டிஸ்ட்ரெஸ் சட்டப்படி, 12 மாதம் வரையிலான பாக்கிக்காக வாடகைக்காரரின் பொருள்களைக் கைப்பற்ற உரிமையாளர் நீதிமன்ற ஆணை பெறலாம். எங்கள் சொத்து முழுவதும் அந்தக் கூடத்தில்தான் நிற்கிறது. பெருந்தொற்றுக் காலத்தில் இத்தகைய மையங்கள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததை நினைவில் வைத்து, 1988ஆம் ஆண்டின் தொற்றுநோய்ச் சட்டத்தின்கீழ் மூட உத்தரவு வந்தால் அந்த நாள்களுக்குப் பாதி வாடகை என்று கேட்டு வாங்கினோம். கை, கால், வாய்ப்புண் நோய் பரவும் காலங்களில் இது வெறும் கற்பனையான அச்சம் அல்ல.

2025 ஜூலை 1 முதல் வணிக வாடகைக்கும் 8 விழுக்காடு சேவை வரி வந்தபோது, 'வாடகை மீதான வரிகள் வாடகைக்காரரைச் சேரும்' என்ற பிரிவை மறுபடியும் எடுத்துப் படித்தோம். உரிமையாளரின் ஆண்டு வாடகை வருமானம் 10 லட்சம் ரிங்கிட் வரம்பை எட்டாததால் அந்த வரி எங்கள் ரசீதில் ஏறவில்லை. புதுப்பிக்கும் விருப்பத்தைத் ஒப்பந்தக் காலம் முடிவதற்கு 3 மாதம் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதால், கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். உரிமையாளர் 10 விழுக்காட்டையும் முழுதாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறார்.