எர்ணாகுளத்தில் இறங்கி ஃபோர்ட் கொச்சி போய்ச் சேர்ந்த விதம்

ஃபோர்ட் கொச்சிக்கு ரயிலில் போகிறேன் என்று யாராவது சொன்னால், அவர் முக்கால் வழியைத்தான் சொல்கிறார். ரயில் எர்ணாகுளத்தோடு சரி. பழைய ஊர் காயலுக்கு அந்தப் பக்கம், கடல்வாயை ஒட்டி இருக்கிறது. நடுவில் வில்லிங்டன் தீவு வேறு. மிச்சமிருக்கும் அந்தக் கால் வழியில்தான் பணமும் நேரமும் பொறுமையும் கரையும். அம்மாவைக் கூட்டிக்கொண்டு சென்னையிலிருந்து போனபோது நாங்கள் எப்படிப் போனோம், எப்படித் திரும்பினோம் என்பதை எழுதி வைக்கிறேன். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு. படிக்கட்டும் ஆகாது, வெயிலில் வரிசையும் ஆகாது. வயதானவர்களோடு போகிறவர்களுக்கு இது உதவலாம்.

முதலில் டிக்கெட்டில் எந்த ஸ்டேஷன் பெயர் போட்டிருக்கிறது என்று பாருங்கள். எர்ணாகுளத்தில் பெரிய ஸ்டேஷன்கள் இரண்டு. எர்ணாகுளம் ஜங்ஷனை ஊர்க்காரர்கள் சவுத் என்பார்கள், எர்ணாகுளம் டவுனை நார்த் என்பார்கள். ஆட்டோவில் ஏறி "ஜங்ஷன்" என்று சொல்வதைவிட "சவுத்" என்றால் உடனே புரியும். சென்னையிலிருந்து கிளம்பும் திருவனந்தபுரம் மெயில் நார்த்தில் நின்றுவிட்டுக் கோட்டயம் பக்கம் போய்விடும். ஆலப்புழை எக்ஸ்பிரஸ் சவுத்துக்குப் போகும், ஆலப்புழை பாதை அங்கிருந்துதான் பிரிகிறது. இரண்டு ஸ்டேஷனுக்கும் பக்கத்தில் மெட்ரோ உண்டு. சவுத்துக்கு எர்ணாகுளம் சவுத் மெட்ரோ, நார்த்துக்கு டவுன் ஹால் மெட்ரோ. ஆனால் அந்த மெட்ரோ ஃபோர்ட் கொச்சிக்குப் போகாது. ஆலுவாவிலிருந்து திருப்பூணித்துறை வரை நிலத்தின் மேலேயே ஓடிவிடும், காயலைத் தாண்டுவதே இல்லை. "கொச்சி மெட்ரோ இருக்கே, அதிலேயே போயிடலாம்" என்று நினைத்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

நாங்கள் மெயிலில் வந்து காலையில் நார்த்தில் இறங்கினோம். வெளியே வந்ததும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் பேச ஆரம்பித்துவிட்டார்கள். "ஃபோர்ட் கொச்சியா சார்? அறுநூறு கொடுங்க, அம்மாவை வாசல்லயே இறக்கி விடறேன்." சாலை வழி 12, 13 கிலோமீட்டராவது வரும். தேவரா வரை தெற்கே இறங்கி, வெண்டுருத்திப் பாலம் ஏறி, வில்லிங்டன் தீவைக் கடந்து, தோப்பும்படி போய், அங்கிருந்து மறுபடி வடக்கே ஏற வேண்டும். பெரிய சுற்று. காலை நேரத்து நெரிசலில் அது ஒரு மணி நேரத்தை விழுங்கிவிடும். நேர்க்கோட்டில் தண்ணீரில் போனால் அதில் பாதி தூரம்கூட இல்லை. அதனால், "சேட்டா, ஹைகோர்ட் வாட்டர் மெட்ரோ வரைக்கும் போதும், மீட்டர் போடுங்க" என்றேன். அறுநூறு கேட்டவருக்கு அது பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவருக்குப் பின்னால் நின்ற இன்னொருவர் சிரித்துக்கொண்டே மீட்டரைப் போட்டார். இரண்டு கிலோமீட்டர் சொச்சம்தான், சீக்கிரமே கொண்டுபோய் விட்டுவிட்டார். சவுத்தில் இறங்கினால் ப்ரீபெய்டு ஆட்டோ கவுண்டர் இருக்கிறது, இந்தப் பேரமே வேண்டாம்.

காயலில் படகு விடும் இந்த வாட்டர் மெட்ரோ 2023 ஏப்ரலில் தொடங்கியது. ஃபோர்ட் கொச்சிக்கான வழி அதற்கு அடுத்த ஆண்டுதான் திறந்தது. அதற்கு முன் வந்தவர்களின் குறிப்புகளில் இது இருக்காது. ஹைகோர்ட் முனையம் மரைன் டிரைவின் வடக்குப் பக்கம். நாங்கள் போனபோது ஒருவருக்கு 40 ரூபாய். தரை மெட்ரோ போலவே டிக்கெட்டில் இருக்கும் கியூஆர் குறியைக் காட்டினால் கதவு திறக்கும். ஒரு படகில் 100 பேர்தான். எண்ணித்தான் விடுகிறார்கள். வார நாள் காலையில் எங்களுக்கு அடுத்த படகிலேயே இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இதே இடத்தில் வரிசை வெளியே சாலை வரை நிற்கும். அந்த நேரத்தில் வயதானவர்களை அழைத்துக்கொண்டு இங்கே வராதீர்கள்.

எனக்கு இதில் மிகவும் பிடித்தது படகைவிடப் படகில் ஏறும் இடம்தான். படகு வந்து நிற்கும் மேடை தண்ணீரிலேயே மிதக்கிறது. காயலில் கடலேற்றம் இருந்தாலும் வற்றம் இருந்தாலும் மேடை தண்ணீரோடு சேர்ந்து ஏறி இறங்கும், படகின் தளமும் மேடையும் எப்போதும் ஒரே மட்டத்தில் இருக்கும். அம்மா என் கையைப் பிடிக்காமலேயே நடந்து உள்ளே போனார். சக்கர நாற்காலியில் ஒரு பாட்டியையும் அப்படியே தள்ளிக்கொண்டு போனார்கள். படகுப் பயணம் என்றாலே காலைத் தூக்கித் தாண்டி, யாராவது கையைக் கொடுத்து இழுத்து என்று பழகிய நமக்கு இது பெரிய விஷயம். படகுகள் மின்கலத்தில் ஓடுபவை, இதே ஊரிலுள்ள கொச்சின் ஷிப்யார்டில் கட்டப்பட்டவை. ஏசி உண்டு, சத்தம் அதிகம் இல்லை. ஜன்னல்கள் பெரியவை, ஆனால் கண்ணாடி போட்டவை. காற்று வாங்க முடியாது என்பது அம்மாவின் ஒரே குறை.

இருபது நிமிடத்தில் போய்விடலாம். வலது பக்கம் போல்காட்டியும் வல்லார்பாடமும் வரும். போல்காட்டியில் டச்சுக்காரர்கள் 1744இல் கட்டிய மாளிகை இப்போது ஹோட்டல். வல்லார்பாடத்தில் கன்டெய்னர் முனையத்தின் கிரேன்கள் வரிசையாக நிற்கும். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. அது இயற்கைத் தீவு இல்லை என்று சொன்னபோது அம்மா நம்பவில்லை. கடல்வாயில் மணல்திட்டு அடைத்துக்கொண்டிருந்ததால் பெரிய கப்பல்கள் உள்ளே வர முடியாமல் இருந்தது. 1920இல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் அதைத் தோண்டி வழி எடுத்தார். அள்ளிய மண்ணைக் கொட்டிச் செய்ததுதான் இந்தத் தீவின் பெரும்பகுதி. அதன் மேலேயே ரயில் பாதையும் போட்டார்கள். கொச்சின் ஹார்பர் டெர்மினஸ் என்ற ஸ்டேஷன் இன்னமும் அங்கே இருக்கிறது. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து கிளம்பிய ரயில் அதுவரை போனது. இப்போது வழக்கமான பயணிகள் ரயில் எதுவும் அங்கே போவதில்லை. அந்தப் பாதை உயிரோடு இருந்தால் ஃபோர்ட் கொச்சிக்காரர்கள் வீட்டுக்குப் பக்கத்திலேயே இறங்கியிருப்பார்கள், நானும் இதை எழுத வேண்டியிருந்திருக்காது.

இறங்கியதும் எதிரிலேயே மரக்கம்பங்களில் தொங்கும் பெரிய சீன மீன்வலைகள். அம்மா சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "ஏன்டா, கோட்டை எங்கடா?" என்றார்.

"கோட்டை இல்லம்மா. இடிச்சுட்டாங்க."

"கோட்டையே இல்லாத ஊருக்கா ராத்திரியெல்லாம் ரயில்ல வந்தோம்?"

நியாயமான கேள்விதான். போர்ச்சுகீசியர் 1503இல் கட்டிய இம்மானுவேல் கோட்டை இங்கே இருந்தது. 1663இல் டச்சுக்காரர்கள் ஊரைப் பிடித்தார்கள், 1795இல் ஆங்கிலேயர் பிடித்தார்கள். 1806இல் ஆங்கிலேயர் கோட்டையை இடித்துத் தள்ளினார்கள். மிஞ்சியது அங்கங்கே சில சுவர்த் துண்டுகளும் பெயரும்தான். ஆனால் கோட்டைக்குள் இருந்த ஊர் அப்படியே இருக்கிறது. அதனால் இங்கே பார்க்க வேண்டியது தெருக்களைத்தான், அதற்கு நடக்க வேண்டும். நல்ல வேளை, தரை சமம், மழைமரங்களின் நிழல் உண்டு. வலைகளிலிருந்து பிரான்சிஸ் தேவாலயத்துக்கு அம்மா மெதுவாகவே நடந்து வந்துவிட்டார். 1524இல் இந்த ஊரில் இறந்த வாஸ்கோட காமாவை முதலில் புதைத்தது அங்கேதான். பிறகு எலும்புகளை போர்ச்சுகலுக்கு எடுத்துப் போய்விட்டார்கள், கல்லறைக் கல் மட்டும் இருக்கிறது. வலைக்காரர்கள் கூப்பிட்டுக் கயிற்றை இழுக்கச் சொல்வார்கள், பிறகு காசு கேட்பார்கள். இழுத்தே பார்க்க வேண்டுமென்றால் முன்னாலேயே தொகையைப் பேசிக்கொள்ளுங்கள்.

மட்டாஞ்சேரி இரண்டு மூன்று கிலோமீட்டர் தள்ளி. அதற்கு ஆட்டோ எடுத்தோம். "ஐம்பது ரூபாய்க்கு எல்லா இடமும் காட்டறேன்" என்று யாராவது கூப்பிட்டால் அந்த ஐம்பதை நம்ப வேண்டாம். நடுவில் கைவினைக் கடைகளில் நிறுத்துவார்கள், அவர்களுக்கு வருமானமே அந்தக் கமிஷன்தான். நேரம் இருந்தால் போய்ப் பாருங்கள், அவர்களும் பிழைக்க வேண்டும். எங்களுக்கு நேரம் இல்லை, நேராக அரண்மனைக்கு விடச் சொன்னேன். மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளி விடுமுறை. அருகிலிருக்கும் யூதர்களின் வழிபாட்டுக் கூடமான பரதேசி சினகாக் (1568இல் கட்டியது) வெள்ளியும் சனியும் பார்வையாளர்களுக்குத் திறக்காது. வார இறுதியை நினைத்து வெள்ளி இரவு ரயில் ஏறுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: சனிக்கிழமை அரண்மனை கிடைக்கும், சினகாக் கிடைக்காது.

திரும்பி வரும்போது வேளி பக்கம் இருக்கும் தோபிகானாவில் நிறுத்தச் சொன்னேன். பட்டியலில் இல்லாத இடம் என்பதால் ஆட்டோக்காரருக்கே ஆச்சரியம். டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் துணி வெளுக்கத் தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த வண்ணார்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்னமும் வேலை செய்கிறார்கள். நீளமாகக் கட்டிய கயிறுகளில் வெள்ளை விரிப்புகள், உள்ளே கரிப்பெட்டி சூடேறும் வாசனை. இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெரியவர் நாங்கள் பேசியதைக் கேட்டுவிட்டு, "எந்த ஊரும்மா?" என்றார். அம்மா ஊர் பெயரைச் சொல்ல, அவர் தன் தமிழில், பாதி மலையாள ராகத்தோடு, பேச்சைப் பிடித்துக்கொண்டார். அரண்மனையில் அரை மணி நேரத்தில் களைத்துப்போன அம்மா இங்கே அதைவிட அதிக நேரம் நின்றுகொண்டே பேசினார். முழங்கால் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

திரும்பும் வழிக்கு வேறு படகு. சாயங்காலம் வாட்டர் மெட்ரோவில் கூட்டம் ஏறிவிட்டது, அதனால் கமாலக்கடவு படகுத்துறைக்குப் போனோம். வலைகளிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம், பியனாலே என்ற கலைக் கண்காட்சி நடக்கும் ஆஸ்பின்வால் வளாகத்துக்குப் பக்கம். அங்கிருந்து மாநில நீர்ப் போக்குவரத்துத் துறையின் படகு எர்ணாகுளம் படகுத்துறைக்குப் போகிறது. பத்து ரூபாய்கூட ஆகவில்லை. வேலை முடிந்து வீடு திரும்புகிறவர்கள், பள்ளிப் பிள்ளைகள், காய்கறிப் பை, எல்லாம் இதில்தான். இங்கே மிதக்கும் மேடை கிடையாது. படகுக்காரர் ஒருவர் "அம்மச்சி, பதுக்கே" (மெதுவாக) என்று கையை நீட்டி அம்மாவை ஏற்றிவிட்டார். காற்று நன்றாக வந்தது. மழைக்காலம் முடிந்திருந்ததால் ஆகாயத்தாமரை பெரிய திட்டுகளாக மிதந்து வந்தது, அதை விலக்கிக்கொண்டு படகு மெதுவாகவே போனது. முழங்கால் வலி இல்லாதவர்களுக்கு நான் இந்தப் படகைத்தான் சொல்வேன்.

மூன்றாவதாக ஒரு வழி, நண்பர்களோடு வேறொரு முறை போனபோது பார்த்தது. ஃபோர்ட் கொச்சியிலிருந்து எதிர்க்கரை வைப்பினுக்கு ரோ-ரோ படகு போகிறது. லாரி, கார், பைக், மனிதர்கள் எல்லாம் ஒரே தளத்தில். சில நிமிடங்களில் அக்கரை. அங்கிருந்து கோஸ்ரீ பாலங்கள் வழியாக ஹைகோர்ட் பக்கம் பஸ் உண்டு. மற்றப் படகுகளில் கூட்டம் அதிகமாகிவிட்டால் இது கைகொடுக்கும்.

இரவு ரயிலைப் பிடிக்க வேண்டுமென்றால் ஃபோர்ட் கொச்சியில் காலையில் இறங்கும்போதே அன்றைய கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று கவுண்டரில் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய பைகளை சவுத் ஸ்டேஷன் க்ளோக் ரூமில் போட்டுவிட்டு வந்தால் படகில் ஏறி இறங்குவது சுலபம். எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து சவுத்துக்கு ஆட்டோவில் இரண்டு கிலோமீட்டர்தான், ஆனால் எம்.ஜி. ரோட்டைக் குறுக்கே கடக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் அதற்கே அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.