ஆயுதம் இழந்தவன் மேல் ஓங்கிய வாள்: ஸ்டார் வார்ஸில் திரும்பத் திரும்ப வரும் ஒரு காட்சி

ஸ்டார் வார்ஸில் நல்லவன், கெட்டவன் எல்லாம் வாளின் நிறத்திலேயே தெரிந்துவிடும், யோசிக்க அதில் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் நிறைய. சிங்கப்பூரில் தமிழ்க் குறும்படமும் தொலைக்காட்சி நாடகமும் எழுத வரும் இளையர்கள்கூட, சிக்கலான கதாபாத்திரத்தைப் படிக்க வேண்டுமென்றால் வேறு எங்கேயோ போக வேண்டும் என்று நினைக்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ளவே மாட்டேன். ஒரு கதாபாத்திரம் எப்படி மாறுகிறது, அந்த மாற்றத்தை நாம் ஏன் நம்புகிறோம் அல்லது நம்ப மறுக்கிறோம் என்பதைப் பிரித்துப் பார்க்க இதைவிட வசதியான படவரிசை கிடைப்பது அரிது. ஒரே சோதனையை வெவ்வேறு ஆட்களுக்கு வைத்துக்கொண்டே போகிறது என்பதுதான் காரணம்.

அந்தச் சோதனை இது. ஒருவன் ஆயுதத்தை இழந்து கிடக்கிறான். இன்னொருவன் கையில் வாள் இருக்கிறது. வெட்டுவதா, விடுவதா?

நமக்கு இது பழகிய இக்கட்டு. கம்பனின் இராமன், எல்லாவற்றையும் இழந்து நிற்கும் இராவணனைப் பார்த்து இன்று போய் நாளை வா என்கிறான். பாரதத்திலோ, தேர்ச்சக்கரம் மண்ணில் புதைந்து கர்ணன் கீழே இறங்கி நிற்கும்போது, இதுதான் நேரம், அம்பை விடு என்று அர்ச்சுனனை ஏவுவது கண்ணன். இரண்டையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அந்த இடைவெளியில்தான் ஸ்டார் வார்ஸின் அறச்சிக்கல் முழுவதும் நடக்கிறது.

முதலில் 2005-இல் வந்த மூன்றாம் பாகம். படம் தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே, கோரஸான்ட் கிரகத்துக்கு மேலே ஒரு போர்க்கப்பலில், ஜெடாய் என்ற அறநெறி வீரர் அணியின் அனகின் ஸ்கைவாக்கரும் அதன் எதிரிகளான சித் அணியின் கவுன்ட் டூக்குவும் மோதுகிறார்கள். அனகினின் குரு ஓபி-வான் நினைவிழந்து கிடக்கிறார். அனகின் டூக்குவின் இரண்டு கைகளையும் மணிக்கட்டோடு வெட்டி, தன் நீல வாளையும் டூக்குவின் சிவப்பு வாளையும் கத்தரிபோல் அவன் கழுத்தில் வைக்கிறான். பக்கத்தில் நாற்காலியில் கட்டப்பட்டிருக்கும் பால்படீன், கொன்றுவிடு என்கிறார். ஊருக்கு அவர் குடியரசின் தலைவர், உண்மையில் டூக்குவின் இரகசிய எஜமான். கூடாது என்று அனகின் தயங்குகிறான். செய் என்று மறுபடியும் ஒரு சொல். தலை விழுகிறது.

இங்கே டூக்குவின் முகத்தைக் கவனியுங்கள். பால்படீனைத் திரும்பிப் பார்க்கும் அந்தக் கணத்தில், தன் எஜமானே தன்னைக் கைவிட்டுவிட்டார் என்று அவனுக்குப் புரிந்துவிடுகிறது. அனகினுக்குத்தான் எதுவும் புரியவில்லை. ஆனால் நடந்தது தவறு என்று அவன் உடனே வாய்விட்டுச் சொல்கிறான்: அவன் நிராயுதபாணியான கைதி, இது ஜெடாய் நெறி இல்லை. பால்படீன் இரண்டு சமாதானம் சொல்கிறார். டூக்கு உயிரோடு விட முடியாத அளவுக்கு ஆபத்தானவன் என்பது ஒன்று. பழிவாங்கத் தோன்றுவது இயல்புதான், இது முதல் முறையும் இல்லையே, உன் அம்மா விஷயத்தில் மணல்வாசிகளுக்குச் செய்ததை நினைத்துப் பார் என்பது இன்னொன்று. 2002-இல் வந்த இரண்டாம் பாகத்தில் அனகின், தன் தாயைக் கடத்தி வதைத்த மணல்வாசிகளின் (டஸ்கன்) குடியிருப்பையே பெண்கள், குழந்தைகள் உட்பட அழித்தது இங்கே கணக்கில் ஏற்றப்படுகிறது. அதை அவன் தன் காதலி பத்மேயிடம் சொல்லி அழுதான். அவளோ பிறகு அவனைத் திருமணமும் செய்துகொண்டாள். செய்த கொலைக்கு எவருமே விலை கேட்காவிட்டால் அடுத்த கொலை எவ்வளவு எளிதாகிவிடுகிறது என்று பாருங்கள். எழுதுகிறவர்கள் இந்த இணைப்பை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும்.

இதே படத்தின் நடுப்பகுதிக்குப் பிறகு காட்சி திரும்ப வருகிறது, ஆட்கள் இடம் மாறி. சித் என்று அம்பலமான பால்படீன் உடைந்த சன்னல் ஓரத்தில் ஒடுங்கிக் கிடக்கிறார். வாளை ஓங்கி நிற்பவர் ஜெடாய் மன்றத்தின் மூத்தவர் மேஸ் விண்டு. விசாரணை நடத்த வேண்டும் என்கிறான் அனகின். நீதிமன்றமும் செனட்டும் இவன் கையில் இருக்கின்றன, உயிரோடு விட முடியாத அளவுக்கு இவன் ஆபத்தானவன் என்கிறார் விண்டு. கிட்டத்தட்ட அதே வாக்கியம்! சித் குருவான பால்படீன் டூக்குவைப் பற்றிச் சொன்னதை இப்போது ஜெடாய் குரு சொல்கிறார். அனகின் சொல்வதும் பழையதுதான், இது ஜெடாய் நெறி இல்லை.

வாதத்தை மட்டும் வைத்துப் பார்த்தால் அனகின் பக்கம்தான் நியாயம். கைதியைக் கொல்லக் கூடாது, சட்டப்படி நடக்க வேண்டும். ஆனால் அடுத்த நொடியே உண்மைக் காரணம் வெளியே வருகிறது. அவர் எனக்குத் தேவை என்று கத்துகிறான். பத்மே இறப்பதாகக் கனவு கண்டவன் அவன். அவளைக் காப்பாற்றும் வித்தை பால்படீனிடம் இருக்கிறது என்று நம்புகிறான். சரியான சொற்கள், பிழையான காரணம். விண்டுவுக்கோ காரணம் சரி, செய்யப்போவது பிழை. எந்தப் பக்கமும் முழு மதிப்பெண் கிடைக்காதபடி காட்சியைக் கட்டியிருக்கிறார்கள். அறச்சிக்கல் என்றால் நல்லவனிடம் கொஞ்சம் கெட்ட குணம் தூவுவது என்று நினைப்பவர்கள் இந்த ஒரு காட்சியைப் பத்து முறை பார்க்கலாம்.

சறுக்கலும் இங்கேதான். விண்டுவின் கையை வெட்டிவிட்டு, என்ன செய்துவிட்டேன் என்று உடைந்துபோகும் அனகின், அடுத்த சில நொடிகளில் மண்டியிட்டு டார்த் வேடர் என்ற பெயரை ஏற்கிறான். அங்கிருந்து நேரே ஜெடாய் ஆலயத்துக்குப் போய்ச் சிறுவர்கள்மேல் வாளை நீட்டுகிறான். நடுவில் ஒரு படி விடுபட்டிருக்கிறது. குற்ற உணர்விலிருந்து கீழ்ப்படிதலுக்கு வருவதை நம்பலாம், இனித் திரும்ப முடியாது என்று நினைப்பவன் அப்படித்தான் விழுவான். கீழ்ப்படிதலிலிருந்து குழந்தைக் கொலைக்கு வர இன்னொரு காட்சி வேண்டியிருந்தது. சின்ன உத்தரவு ஒன்று, அதை அவன் நிறைவேற்றுவது, தனக்குத்தானே ஒரு சமாதானம் சொல்லிக்கொள்வது. டஸ்கன் படுகொலையை நினைவில் வைத்துப் பார்ப்பவருக்கு இடைவெளி ஓரளவு நிரம்பும். மற்றவர்களுக்கு நிரம்பாது.

முஸ்தஃபார் கிரகத்தில் ஓபி-வான் செய்வது இன்னும் நெருடலானது. கைகால் இழந்து எரிமலைக் குழம்பின் கரையில் எரிந்துகொண்டிருக்கும் சீடனை அவர் கொல்லவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. கீழே கிடந்த அவன் ஒளிவாளை (லைட்சேபர்) எடுத்துக்கொண்டு நடக்கிறார். அதே வாளைத்தான் 1977 படத்தில் அனகினின் மகன் லூக்கிடம் கொடுத்து, நீ பெரியவனானதும் இதை உன்னிடம் தரவேண்டும் என்று உன் அப்பா விரும்பினார் என்கிறார். உன் அப்பாவை வேடர் கொன்றான் என்றும் சொல்கிறார். 1977-இல் எழுதும்போது இது பொய்யாக எழுதப்படவில்லை. அப்போது வேடரும் லூக்கின் அப்பாவும் தனித்தனி ஆட்கள். 1980 படத்துக்கான திரைக்கதையைத் திருத்தி எழுதும்போதுதான் இருவரும் ஒருவராயினர். அதனால் பழைய வசனம் பொய்யாகிவிட்டது. 1983-இல் ஓபி-வானின் ஆவியை வரவைத்து, ஒரு கோணத்தில் பார்த்தால் நான் சொன்னது உண்மைதான் என்று சொல்லவைத்து அதைச் சரிக்கட்டினார்கள். ஓட்டையை அடைக்கச் செய்த வேலை என்றாலும், ஜெடாய்களைப் பற்றி இந்தப் படவரிசை சொன்ன மிகக் கூர்மையான விஷயம் அதுதான்: பெரியவர்கள் வசதிக்காகப் பொய் சொல்வார்கள், அந்தப் பொய்யை நம்பி ஒரு பையன் தன் தகப்பனையே கொல்லப் புறப்படுவான்.

அந்தப் பையனுக்கும் சோதனை வருகிறது. 1983 படத்தின் இறுதியில் லூக் சண்டை போட மறுத்து இருட்டில் ஒளிந்திருக்கிறான். வேடர் அவன் மனத்தைப் படித்து, நீ வராவிட்டால் உன் தங்கை வருவாள் என்றதும் பாய்கிறான். அங்கே வாள்வித்தை எதுவும் இல்லை, வெறும் அடி. வேடரின் வலது கை துண்டாகி உள்ளே கம்பிகள் தெரிகின்றன. இப்போது பேரரசராகிவிட்ட பால்படீன் சிரித்துக்கொண்டே இறங்கி வந்து, இவனை முடித்துவிட்டு இவன் இடத்துக்கு வா என்கிறார். டூக்கு விஷயத்தில் அனகினிடம் சொன்னதேதான், அதே வாய். லூக் தன் கறுப்புக் கையுறை போட்ட கையைப் பார்க்கிறான். 1980 படத்தில் வேடர் வெட்டியதால் வந்த இயந்திரக் கை அது. வெட்டுப்பட்ட கையும் தன் கையும் ஒன்றுபோல இருப்பதைக் கண்டதும் வாளைத் தூக்கி எறிகிறான். விளக்கிச் சொல்ல ஒரு வசனம்கூட வைக்காமல் வெறும் பார்வையில் முடிவை எடுக்க வைத்திருக்கிறார்கள். படம் வந்த வரிசையில் 1983 முன்னால், 2005 பின்னால் என்பதையும் மறக்கக் கூடாது. டூக்கு காட்சி, லூக்கின் காட்சியை மனத்தில் வைத்துப் பின்னால் எழுதப்பட்டது.

2017 படத்தில் அதே லூக், தூங்கிக்கொண்டிருக்கும் மருமகன் பென்மேல் வாளை ஏற்றியதைப் பார்த்துப் பலர் கொதித்தார்கள். தகப்பனையே மன்னித்தவன் இதைச் செய்வானா? செய்வான் என்பதுதான் என் கட்சி. லூக்கை எப்போதும் வெறிகொள்ள வைப்பது ஒன்றே, அன்பானவர்களுக்கு ஆபத்து என்ற பயம். 1983-இலும் அதுதான், இங்கேயும் அதுதான். அங்கே பாய்ந்து அடித்த பிறகு நிறுத்தினான், இங்கே அடிக்கும் முன்பே நிறுத்திக்கொண்டான். ஆனால் பையன் கண்ணைத் திறந்துவிட்டான். இந்தச் சம்பவம் மூன்று முறை சொல்லப்படுகிறது. லூக் முதலில் சொல்லும்போது வாளே இல்லை. பென் சொல்லும்போது லூக்கின் கண்ணில் கொலைவெறி. மூன்றாவதில்தான் ஒரு நொடி மின்னி அணைந்த எண்ணமும் பிறகு வந்த வெட்கமும். நல்லவன் தன்னைப் பற்றிச் சொல்லும் முதல் கதையிலிருந்து எதை நீக்கினான் என்பதுதான் இங்கே விஷயம்.

எழுதப் பழகுகிறவர்களுக்கு எல்லாவற்றிலும் தெளிவான மாதிரி 2016-இல் வந்த ரோக் ஒன். புரட்சிப்படையின் கேசியன் ஆண்டோர், தகவல் கொடுத்தவன் அடிபட்ட கையோடு சுவரேறித் தப்ப முடியாது என்று தெரிந்ததும், பயப்படாதே என்று தேற்றிக்கொண்டே சுட்டுவிடுகிறான். பின்னர் பேரரசின் ஆயுதப் பொறியாளர் கேலன் எர்சோ அவன் குறிக்குள் நிற்கிறார், கொல்லும்படி உத்தரவும் இருக்கிறது. இந்த முறை அவன் சுடவில்லை. அதே ஆள், அதே வகைச் செயல், மாறிய முடிவு. ஒரு கதாபாத்திரம் வளர்ந்துவிட்டது என்று காட்ட இவ்வளவு போதும். அவன் சுடாவிட்டாலும் புரட்சிப்படையின் விமானங்கள் குண்டு போட்டு கேலன் இறந்துவிடுகிறார். நல்ல முடிவெடுத்தால் நல்லதே நடக்கும் என்ற சலுகையைப் படம் தரவில்லை.

இதில் நம் ஊருக்கும் பங்கு உண்டு. வன்-நார்த்தில், ஃபியூஷனோபோலிஸ் பக்கம், படத்தில் வரும் ஜாவாக்கள் என்ற பாலைவனப் பழம்பொருள் வணிகர்களின் மணல் ஊர்தி வடிவில் லூகாஸ்ஃபிலிம் கட்டிய சாண்ட்கிராலர் கட்டடம் 2014-இல் திறக்கப்பட்டது. நிறுவனத்தின் சிங்கப்பூர்ப் பிரிவை மூடும் முடிவு 2023-இல் வந்தது, 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். குளோன் வார்ஸ் அனிமேஷன் தொடரில் சிங்கப்பூர்க் குழுவின் உழைப்பும் இருக்கிறது. அதன் நான்காம் பருவத்தில் உம்பாரா கிரகத்தில் நடக்கும் நான்கு அத்தியாயங்களைத் தவறவிடாதீர்கள். துரோகியான ஜெடாய் தளபதி கிரெல்லைக் கைதுசெய்த பிறகு, கொல்லத் துப்பாக்கியை நீட்டும் கேப்டன் ரெக்ஸால் சுட முடியவில்லை. சுட்டுவிடுவது டோக்மா, அதுவரை உத்தரவுக்கு மறுபேச்சே பேசாத குளோன் (நகலெடுத்து உருவாக்கிய) சிப்பாய். கொல்லவே உருவாக்கப்பட்டவர்களுக்குத் தனக்கென்று ஒரு முடிவு எடுக்க வாய்ப்பு கிடைக்கும்போது என்ன ஆகும் என்பதை எந்த முழுநீளப் படமும் இவ்வளவு ஆழமாகத் தொடவில்லை.

2019 படம் இந்தச் சோதனையிலிருந்து நழுவிவிடுகிறது. தாய் லேயாவின் குரல் கேட்டுத் தடுமாறி, இருள்பக்கம் போய்விட்ட பென் வாளை நழுவவிட, ரே அதை எடுத்து அவனையே குத்துகிறாள். ஆயுதம் இழந்தவனைக் கதாநாயகி குத்துகிறாள், எவ்வளவு பெரிய விஷயம்! உடனே குணப்படுத்தியும் விடுகிறாள், கணக்கு முடிந்துவிட்டது. கடைசியில் பால்படீன் என்னைக் கொல் என்று அவளைத் தூண்டும்போது, அவர் விடும் மின்னலே திரும்பி அவரை அழித்துவிடுகிறது. வெட்டுவதா விடுவதா என்ற கேள்விக்கு ரே பதில் சொல்ல வேண்டிய தேவையே வரவில்லை.

இந்தக் கோணத்தில் பார்க்க விரும்புபவர்கள் பாகம் 4 (1977), 5 (1980), 2 (2002), 3 (2005), 6 (1983) என்ற வரிசையில் பார்க்கலாம், எல்லாம் சேர்த்துச் சுமார் 11 மணி நேரம். வேடர்தான் அப்பா என்ற அதிர்ச்சி தெரிந்த கையோடு அனகினின் கதைக்குப் போய், டூக்கு காட்சி நினைவில் இருக்கும்போதே லூக் வாளை எறிவதைப் பார்க்கலாம். நாலாம் பாகத்தின் மதுக்கடைக் காட்சியில் மட்டும் கவனம். 1977-இல் கடத்தல்காரன் ஹான் சோலோ, தன்னைப் பிடிக்க வந்த கிரீடோவை மேசைக்கு அடியிலிருந்து முதலில் சுட்டான். 1997 பதிப்பில் கிரீடோ முதலில் சுட்டுக் குறி தவறுவதாக மாற்றினார்கள், பிறகும் சில முறை கைவைத்தார்கள். இப்போது இணையத்தில் ஓடுவது மாற்றிய பதிப்பு. முந்திக்கொண்டு சுடுகிற ஆள் என்று நம்பினால்தான், காசை வாங்கிக்கொண்டு போனவன் கடைசிச் சண்டையில் திரும்பி வருவது கனமாக இருக்கும். பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் இந்தப் பழைய விவரத்தைப் படம் போடும் முன்பே சொல்லிவிடுங்கள்.