கொலோன்: அரசியின் பெயர் உதிர்ந்த ஊர்

ஜூன் விடுமுறைக்கு ஃபிராங்க்ஃபர்ட் போகிறவர்கள் ஒரு நாளைக் கொலோனுக்கு ஒதுக்குங்கள். விமான நிலையத்திலிருந்தே அதிவேக ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். ஜெர்மானியர் அந்த ஊரைக் கோல்ன் என்பார்கள். இத்தாலியருக்கு அது இன்னும் கொலோனியா.

ரைன் நதியின் இடக்கரையில் ரோமானியர் உபியர் என்ற இனத்தாரைக் குடியமர்த்தினார்கள். அதனால் ஊருக்கு முதலில் 'உபியர் நகரம்' என்றே பெயர். கி.பி. 15இல் அங்கே பிறந்த அக்ரிப்பினா, பின்னாளில் பேரரசர் கிளாடியஸின் மனைவியானார். பிறந்த ஊருக்குக் கி.பி. 50இல் ரோமக் குடியேற்ற நகர உரிமை கிடைத்தது அவரால்தான். புதுப் பெயர் கொலோனியா கிளாடியா ஆரா அக்ரிப்பினென்சியம். குடியேற்றம், பேரரசர், பலிபீடம், அரசி எல்லாம் அதில் உண்டு. நகர வாசல் வளைவில் முதலெழுத்துகள் நான்கை மட்டும் செதுக்கினார்கள்: சி, சி, ஏ, ஏ.

5ஆம் நூற்றாண்டில் ஊர் ஃபிராங்குகள் என்ற ஜெர்மானிய இனத்தார் கைக்குப் போனது. காலப்போக்கில் பேரரசர் பெயரும் அரசி பெயரும் உதிர்ந்தன. எத்தனையோ ரோம ஊர்களுக்குப் பொதுவாக இருந்த 'கொலோனியா' மட்டும் தங்கியது. 1942இல் ஜப்பானியர் நம் சிங்கப்பூருக்குச் சூட்டிய 'சியோனான்' என்ற பெயர் 1945இல் அவர்களோடே போய்விட்டது. கொலோனியா நிலைத்ததற்குக் காரணம், அது மக்கள் வாயில் தேய்ந்து தேய்ந்து உள்ளூர்ச் சொல்லாகவே ஆகிவிட்டதுதான் என்பது என் எண்ணம். காய்ச்சலுக்கு நெற்றியில் போடும் ஓடிகொலோனும் இந்த ஊர்ப் பெயரைத்தான் சுமக்கிறது.

பழைய வரைபடமோ அஞ்சலட்டையோ தேடுபவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். 1919 வரை ஊர்ப் பெயரை அதிகாரபூர்வமாக 'சி' போட்டு எழுதினார்கள், பிறகுதான் 'கே'. இரண்டிலும் தேடுங்கள். 'ஓ' தலைமேல் இரட்டைப் புள்ளி வைக்க முடியாவிட்டால் ஓ, ஈ என இரண்டெழுத்தாகத் தட்டுங்கள்.

சில அதிவேக ரயில்கள் முதன்மை நிலையத்துக்குப் போகாமல் எதிர்க்கரையில் மெஸ்ஸே/டாய்ட்ஸ் நிலையத்தில் நிற்கும். பதற வேண்டாம், ஹோஹென்சோலர்ன் பாலத்தில் நடந்தே கதீட்ரல் பேராலயத்துக்கு வந்துவிடலாம். டாய்ட்ஸும் ரோமானியர் இடம்தான். டிவிடியா என்ற கோட்டை அங்கே இருந்தது. கதீட்ரல் முன்னால் நிற்கும் சிறு கல்வளைவு, ரோம வடக்கு வாசலின் பக்க வழி. நான்கெழுத்துள்ள நடுவளைவு ரோமன்-ஜெர்மானிய அருங்காட்சியகத்துக்குச் சொந்தம். அதன் பழைய கட்டடம் சீரமைப்புக்காக மூடப்பட்டது. காட்சிப் பொருள்கள் இப்போது எங்கே என்று பார்த்துவிட்டுப் போங்கள். கடைவீதியான ஹோஹெ ஸ்ட்ராஸே, ரோமரின் வடக்கு-தெற்குப் பெருந்தெருவின் மேலேயே ஓடுகிறது.

கால் வலித்தாலும் ரோம நகர மதிலின் வடமேற்கு மூலையில் உள்ள ரோமர்டூர்ம் கோபுரத்தை விட்டுவிடாதீர்கள். பல நிறக் கற்களில் வட்டமும் முக்கோணமும் பதித்திருக்கிறார்கள். உச்சியில் பல்வரிசை போல உள்ள சுவர் விளிம்பு மட்டும் பிற்காலத்தது. மதிலில் பெரும்பகுதி போயும் இது தப்பியதற்குக் காரணம், இடைக்காலத்தில் பக்கத்துக் கன்னிமாடம் இதைக் கழிப்பறையாகப் பயன்படுத்தியதுதான்.