41 வயதில் ஐடிஐ சேர்ந்தேன்: வயது வரம்பும் சாதிச் சான்றும் படுத்திய பாடு

அரசு ஐடிஐயில் (தொழிற்பயிற்சி நிலையத்தில்) எலக்ட்ரீஷியன் பிரிவில் எனக்கு இடம் கிடைத்துவிட்டது. சந்தோஷம்தான். ஆனால் அலைக்கழித்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. என் வயதில் சேர நினைக்கும் பெண்கள் இதைப் படித்துவிட்டுப் போனால் வீண் அலைச்சல் மிச்சமாகும்.

உதவி மையத்தில் கணினி முன்னால் இருந்தவர், என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழில் பிறந்த தேதியைப் பார்த்ததுமே காகிதங்களை என் பக்கம் தள்ளிவிட்டார். "நாற்பதுக்கு மேல எடுக்க மாட்டோம்மா. பொண்ணுக்குன்னா அவளைக் கூட்டிட்டு வாங்க." நாற்பது என்பது ஆண்களுக்கு. பெண்களுக்கு உச்ச வயது வரம்பே கிடையாது. சேர்க்கை விளக்கக் குறிப்பில் அந்தப் பக்கத்தை எடுத்து நீட்டினேன். அதைப் படிக்காமலே "சிஸ்டம் எடுக்காது" என்றார். "போட்டுப் பாருங்க சார்" என்று நகராமல் நின்றேன். போட்டார். எடுத்துக்கொண்டது.

அதோடு விடவில்லை. எலக்ட்ரீஷியன் ரெண்டு வருஷம், உங்களுக்கு எதுக்கு, ஒரு வருஷத்துல முடியுற தையல் இல்லன்னா கோபா (கணினி இயக்கும் படிப்பு) போடுங்க என்றார். நான் பல வருடமாக மோட்டார் ரீவைண்டிங் கடையில் காயில் சுற்றுகிறவள். எரிந்த மோட்டாரைப் பிரித்து, ஸ்லாட்டிலிருந்து பழைய கம்பியை உருவி, கேஜ் அளந்து, சுற்று எண்ணி, புதுக் காயில் இறக்கி வார்னிஷ் போடுவது வரை தெரியும். சான்றிதழ் இல்லாத ஒரே காரணத்தால் இன்னும் ஹெல்பர் கூலிதான் வாங்குகிறேன். அதனால் முதல் விருப்பமாக எலக்ட்ரீஷியனைத்தான் போடச் சொன்னேன். எதைப் போட வேண்டும் என்பது நம் முடிவு. யார் சொன்னாலும் மாற்றாதீர்கள்.

அடுத்த தலைவலி சாதிச் சான்று. என் பழைய அட்டை எழுத்து அழிந்து கிடந்தது, ஆன்லைன் சான்று வேண்டும் என்றார்கள். சரி, இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தேன். கிராம நிர்வாக அலுவலர் கணவரின் சாதிச் சான்றைக் கேட்டார். திருமணமான பெண்ணுக்கும் அப்பா வழியில்தான் சாதி. கணவர் சான்றுக்கு இதில் வேலையே இல்லை. சொன்னேன். அப்படியானால் அப்பா ஊருக்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார். அங்கே போனால், நீங்கள் இப்போது இருக்கிற ஊரில்தான் வாங்க வேண்டும் என்று திருப்பி அனுப்பினார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் காசும் போனதுதான் மிச்சம். இதற்கிடையில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாகக் குறுஞ்செய்தி வேறு.

கடைசியில் தம்பியின் சாதிச் சான்று, அப்பா பெயர் இருக்கும் என் டிசி (பள்ளி மாற்றுச் சான்றிதழ்), குடும்ப அட்டை மூன்றையும் எடுத்துக்கொண்டு நேராக வட்டாட்சியர் அலுவலகத்துக்கே போனேன். மண்டலத் துணை வட்டாட்சியர் ஐந்து நிமிடம் பார்த்தார். இதுவே போதும், இங்கேயே மறுபடி விண்ணப்பியுங்கள் என்றார். சான்று வந்துவிட்டது. கீழே இழுத்தடித்தால் மேலே போகத் தயங்காதீர்கள்.

ஒன்றை மட்டும் கண்ணால் பாருங்கள்: இனிஷியல். மதிப்பெண் சான்றிதழில் அப்பாவின் எழுத்து, ஆதாரில் கணவர் பெயர். இ-சேவையில் ஆதாரைப் பார்த்து அப்படியே அடிக்கப் போனார்கள், நிறுத்தி, மதிப்பெண் சான்றிதழில் இருப்பதுபோல் போடச் சொன்னேன். தட்டச்சு செய்யும்போது திரையை உங்கள் பக்கம் திருப்பச் சொல்லுங்கள்.

கலந்தாய்வு சிக்கலில்லாமல் முடிந்தது. பயிற்சிக் கட்டணம் கிடையாது. மாதம் 750 ரூபாய் உதவித்தொகை உண்டு, பஸ் பாஸ், சீருடை, சைக்கிளும் தருகிறார்கள். எட்டாம் வகுப்போடு நின்றவர்களுக்கும் வெல்டர், வயர்மேன் மாதிரிப் பிரிவுகள் இருக்கின்றன.

உதவித்தொகை வங்கிக் கணக்கில்தான் ஏறும். கணக்கில் ஆதார் எண் இருந்தால் மட்டும் போதாது. நேரடிப் பணப்பரிமாற்றத்துக்கு அந்தக் கணக்குதான் இணைக்கப்பட்டிருக்கிறதா என்று வங்கியில் கேளுங்கள். என் ஆதார் எப்போதோ தொடங்கி மறந்துபோன வேறொரு வங்கிக் கணக்கோடு இணைந்து கிடந்தது. அதை மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறேன்.