"இது என்னத்தைத் தின்னுது?"

எங்கள் விலங்கியல் சேர் எந்த உயிரியைக் காட்டினாலும் முதலில் அதன் பெயரைக் கேட்கமாட்டார். "இது என்னத்தைத் தின்னுது?" என்றுதான் கேட்பார். அவரிடம் உயர்தரம் படித்த எவருக்கும் அந்தக் கேள்வி மறந்திருக்காது.

தொண்ணூறுகளின் முற்பகுதி. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை. நுணுக்குக்காட்டியை யன்னலடிக்குக் கொண்டுபோய், அதன் கண்ணாடியை வெளிச்சத்துக்குத் திருப்பித்தான் பார்ப்போம். மாதிரிகள் வாங்க வழியில்லை என்பதால், கிணற்றடித் தொட்டியில் ஒரு போத்தல் தண்ணீர் அள்ளிவரச் சொல்லுவார். அதற்குள் எப்படியும் நுளம்புக் குடம்பி, அதாவது முட்டையிலிருந்து வரும் புழு, இருக்கும்.

அதன் வாயருகே இரண்டு பக்கமும் தூரிகை போன்ற மயிர்க்கற்றைகள் உண்டு. அவை ஓயாமல் அடித்தடித்துத் தண்ணீரை வாய்ப்பக்கம் இழுக்கும். பாசி, பக்டீரியா, உக்கிய இலைத்துகள் எல்லாம் அதோடு உள்ளே போகும். கியூலெக்ஸ் குடம்பி வாற்பக்கத்துக் குழாயை மேலே நீட்டி மூச்செடுத்தபடி தலைகீழாகத் தொங்கும். மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் குடம்பிக்கு அந்தக் குழாய் இல்லை. அது நீர்மட்டத்தோடு ஒட்டிக் கிடைமட்டமாகக் கிடக்கும். உடம்பு அசையாமல் இருக்க, தலையை மட்டும் அப்படியே அரைவட்டமாகத் திருப்பி மேற்பரப்பில் மிதப்பதை மேயும். அந்தத் தலை திரும்புவதைப் பார்க்க நாங்கள் முண்டியடித்தது நல்ல ஞாபகம்.

குடம்பி பிறகு கூட்டுப்புழுவாகும்; அது ஒன்றுமே தின்னாது. வளர்ந்த ஆண் நுளம்புக்குப் பூந்தேன் போன்ற இனிப்புச் சாறுதான் சாப்பாடு. பெண்ணும் அதைக் குடிக்கும்; இரத்தம் தேவைப்படுவது முட்டை வளர்வதற்கு. வகுப்பில் யாராவது ஒருவர் மலேரியாக் காய்ச்சலில் கிடந்த காலம் அது. குளோரோகுயின் கசப்பு நாக்கில் இருக்கும்போதே இந்தப் பாடத்தைக் கேட்டோம்.

பிறகு தும்பியின் குஞ்சான அணங்குப்பூச்சியை அதே போத்தலில் விடுவார். அது அடியில் சும்மா கிடக்கும். குடம்பி கிட்ட வந்ததும் முகத்தின் கீழ் மடித்து வைத்திருந்த கீழுதடு வெளியே பாய்ந்து கவ்வும். கண்ணிமைப்பதற்குள் முடிந்துவிடும். மல்லாந்து நீந்தும் பூச்சி வேறு மாதிரி: ஊசி வாயால் குத்திச் சாற்றை உறிஞ்சிவிட்டுத் தோலை விட்டுவிடும். நுளம்புகளிலேயே டொக்சோரின்கைடிஸ் என்றொரு பெரிய இனத்தின் குடம்பி மற்ற நுளம்புக் குடம்பிகளைத் தின்னும். வளர்ந்த பின் அது யாரையும் கடிக்காது. இதைச் சொல்லும்போது சேரின் முகத்தில் வரும் சந்தோசத்தைப் பார்க்க வேண்டும்.

2012 ஒக்டோபருக்குப் பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாக இலங்கைக்குள் மலேரியா தொற்றவில்லை. 2016இல் உலக சுகாதார நிறுவனம் சான்றிதழ் தந்தது. மருந்தடிப்பும் இரத்தப் பரிசோதனையும் நுளம்பு வலையும் சேர்ந்து செய்த பெரிய வேலை அது. ஆனால் அதே ஆண்டிலேயே மன்னார்க் கிணறுகளில் மலேரியா பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்சி என்ற, இலங்கைக்குப் புதிய நுளம்பினம் அகப்பட்டது. அப்புறம் யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். குடம்பி தின்னும் மீன்களைக் கிணறுகளில் விடுவதும் அதைக் கட்டுப்படுத்தும் வழிகளில் ஒன்று. டெங்கு நுளம்போ நம் கரையோர உவர்நீரிலும் வளரப் பழகிவிட்டதை யாழ்ப்பாணத்து ஆய்வுகளே காட்டின.

எங்கள் பழைய மாணவர் சங்கம் இப்போது பள்ளிக்கூட ஆய்வுகூடத்துக்கு நுணுக்குக்காட்டிகள் வாங்கக் காசு சேர்க்கிறது. அதோடு வலை மூடி போட்ட ஒரு கண்ணாடித் தொட்டியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தொட்டிக்கான செலவு என்னுடையது. தும்பிக் குஞ்சுகளைப் பிடித்து விடுவதைப் பிள்ளைகள் பார்த்துக்கொள்ளட்டும்.